பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் தீபாவளி: உடல்மொழி பற்றித் தெரிந்துகொள்ள

தீபாவளிக்கு முதல் நாள் இரவு எங்கள் லயத்தில் யாரும் தூங்குவதில்லை. லயம் என்பது இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, காம்பரா அதில் ஓர் அறை. கொழும்பிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்தவர்கள், பதுளைக் கோச்சியில் நின்றுகொண்டே வந்தவர்கள், பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த அக்கா, அவருடைய பிள்ளைகள் எல்லாரும் ஒரே காம்பராவில். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டே இருக்கும். விடிய எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது உடுப்புப் போட்டு, கோயிலுக்குப் போய் வந்து, கறி வெந்து இறங்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். சாப்பிட்டு முடிந்த பிறகு யாராவது ஒருவர் அந்தப் பேச்சை எடுப்பார். அப்பாவின் ஈபிஎப் காசு, அதாவது வேலை செய்த காலத்தில் சேர்ந்த சேமலாப நிதி, எங்கே போனது? தம்பி ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை? தங்கச்சியைக் கொழும்பில் கடை வேலைக்கு அனுப்பியது யார் முடிவு? அம்மாவை இனி யார் வைத்துப் பார்ப்பது?

அந்தப் பேச்சு வரப்போகிறது என்பது வாய் திறப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். தம்ளர் ஒன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகத் தரையில் உட்காரும். அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவார். மச்சான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். மூலையில் விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகூட விளையாட்டை விட்டுவிட்டுப் பெரியவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கும். இன்னும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் செய்தி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்படி முகம், கை, நிற்கும் விதம், இருக்கும் தூரம், குரலின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றால் போய்வரும் செய்தியைத்தான் உடல்மொழி என்கிறோம்.

சொல் புதிது. விஷயம் நமக்குப் பழையது. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. மெய் என்றால் உடம்பு. மனசில் எழுவது உடம்பில் தெரிவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாக அதைப் பிரித்து, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்றும் சொல்லியிருக்கிறது. நகை பிறக்கும் நான்கு காரணங்களில் முதலில் வருவது எள்ளல், அதாவது இளக்காரம். குடும்பச் சண்டையில் இந்த எள்ளல் செய்யும் வேலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மேற்கில் 1872-ல் சார்ல்ஸ் டார்வின் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை எப்படி வெளிக்காட்டுகிறார்கள் என்று ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அதற்காகப் பல நாடுகளில் இருந்தவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். இலங்கையிலிருந்தும் அவருக்குப் பதில் போனது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இது தனித் துறையாக வளர்ந்தது.

முதலில் ஒரு தவறான கணக்கை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். நாம் பேசுவதில் சொல்லுக்கு 7 வீதம், குரலுக்கு 38 வீதம், முகத்துக்கு 55 வீதம் என்று வாட்ஸ்அப்பிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெராபியன் 1967-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை. பேசுகிறவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதில் சொல் ஒன்றும் முகமும் குரலும் வேறொன்றும் காட்டினால் கேட்பவர் எதை நம்புவார் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பொருந்துமானால் சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாதவருக்கும் ஹட்டன் பஸ் நிலையத்தில் நடக்கும் வாக்குவாதம் முழுதாக விளங்க வேண்டும். யாருக்குக் கோபம் என்பது விளங்கும். எதற்குக் கோபம் என்பது விளங்காது.

உடல்மொழியால் என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்பதற்கு இதுவே அளவு. ஈபிஎப் காசை எப்படிப் பிரிப்பது என்பதை எந்தப் புன்னகையும் தீர்க்காது. அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். ஆனால் பேச முடிகிற நிலையில் ஆட்களை வைத்திருக்க உடம்பால் முடியும். ஒரு தீபாவளியைக் காப்பாற்ற அது போதும் என்று நான் நம்புகிறேன்.

குளிரும் மரியாதையும்

உடல்மொழி பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சொல்வது, "கையைக் கட்டிக்கொண்டு இருப்பவர் மனசை மூடி வைத்திருக்கிறார்" என்பது. இதை எழுதியவர் ஐப்பசி மாதத்தில் எங்கள் பக்கம் வந்திருக்க மாட்டார். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையும் மூடுபனியும் சேர்ந்த காலையில் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நிற்கிறவர் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டும்தான் நிற்பார்கள். குளிருக்கு வேறென்ன செய்வது?

இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர்கள் முன்னால் கை கட்டி நிற்பது நமக்கு மரியாதை. குனிந்த பார்வையும் அப்படித்தான். மாமா கண்டிக்கும்போது அவர் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும் பையனை யாரும் நேர்மையானவன் என்று சொல்வதில்லை, "பாரு, எப்படி முறைக்கிறான்" என்றுதான் சொல்வார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுவதுதான் உண்மையின் அடையாளம் என்று படித்துவிட்டு வந்து பெரியப்பாவிடம் பரீட்சித்துப் பார்த்தால் வீட்டில் புதிதாக ஒரு சண்டை தொடங்கும்.

அதனால் ஒரு சைகைக்கு ஒரு பொருள் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஓர் ஆளை அவரோடேயே ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரண நாளில் அவர் எப்படி இருப்பார்? சித்தப்பா எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர் என்றால் அந்தச் சத்தத்தில் செய்தி ஒன்றும் இல்லை. அவர் திடீரென்று அமைதியாகிவிட்டால்தான் கவனிக்க வேண்டும். எப்போதும் வாய் மூடாத அக்கா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், வாய்க்குப் போகவில்லை. வந்தவுடன் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சும் மச்சான் இன்றைக்கு ஒரு பையனையும் பக்கத்தில் கூப்பிடவில்லை. இப்படி வழக்கம் மாறுகிற இடத்தில்தான் செய்தி இருக்கிறது. வீட்டு ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும் என்பதால் எந்த நிபுணரையும்விட இதில் நீங்கள் கெட்டிக்காரர்.

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டவும் கூடாது. தாடை இறுகுவது, மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுவது, கால் ஆடத் தொடங்குவது, பதில் குறுகுவது என்று இரண்டு மூன்று சேர்ந்து வந்தால்தான் அர்த்தம். அப்போதும் "உனக்குக் கோபம், எனக்குத் தெரியும்" என்று எல்லார் முன்னாலும் போட்டுடைக்க வேண்டாம். தெரிந்துகொண்டது உங்களோடு இருக்கட்டும்.

இடம் பத்தாத வீடு

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966-ல் மனிதர்கள் தங்களுக்கு இடையில் வைத்துக்கொள்ளும் தூரத்தை அளந்து எழுதினார். ஏறக்குறைய 45 சென்ரிமீட்டருக்குள் மிக நெருங்கியவர்கள். அதிலிருந்து 1.2 மீட்டர் வரை நண்பர்கள். 3.6 மீட்டர் வரை தொழில், பழக்கவழக்கம் சார்ந்த பேச்சு. தான் பார்த்த அமெரிக்கர்களுக்கு உரிய அளவு இது, எல்லா ஊருக்கும் இதே அளவு வராது என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

இப்போது லயத்துக் காம்பராவை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி. மீட்டரில் சொன்னால் மூன்றுக்குக் கொஞ்சம் மேல், மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். ஹால் சொன்ன 3.6 மீட்டர் முழுக் காம்பராவையும் விழுங்கிவிடும். அதற்குள் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, சாமி படம், டீவி, தீபாவளிக்கு வந்த பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் மற்றவரின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்க முடியும்.

பழகிய நாட்களில் இது பிரச்சினை இல்லை. தோளோடு தோள் உரசிக்கொண்டு சாப்பிடுவதும், ஒரே கம்பளிக்குள் நாலு பிள்ளைகள் படுப்பதும் எங்களுக்குச் சுகம். ஆனால் கோபம் வந்த உடம்புக்கு இடம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. நேற்று இரவு தோளில் சாய்ந்து பேசிய அதே தூரம் இப்போது மூச்சை அடைக்கும். பெரிய வீட்டில் என்றால் ஒருவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடலாம். எங்கள் லயம் இரட்டை லயம், இரண்டு வரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியவை. பின்வாசல் கிடையாது.

இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததில்லை. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளியில் அக்காவின் வீட்டுக்காரருக்கும் எனக்கும் வாக்குவாதம். விஷயம் அந்த ஈபிஎப் காசுதான். நான் இஸ்தோப்பிலிருந்து உள்ளே வந்தவன், வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றி, மற்றக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றே பேசினேன். நான் கத்தவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. நியாயமாகத்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முதலில் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் கைக்குக் கீழே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் தேய்த்தார். பிறகு சட்டென்று எழுந்து என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டு வெளியே போனார். நான் விழுந்ததில் வாசலில் அக்கா போட்டிருந்த கோலம் எல்லாம் என் புதுச் சட்டையில். பிள்ளைகள் அழுதன. அன்றைக்கு மத்தியானக் கறி அப்படியே சட்டியில் கிடந்தது.

பொங்கலுக்கு அவரே வந்து பேசினார். "நீ என்ன சொன்னன்னு எனக்கு ஞாபகம் இல்ல மச்சான். வாசல மறிச்சு நின்ன. நான் எங்க போறது?"

ஆபத்து என்று உடம்பு நினைத்துவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகிறது, கைகால் தசைகளுக்கு இரத்தம் ஓடுகிறது. ஓடு, இல்லாவிட்டால் சண்டை போடு. ஓடும் வழியை நான் மறித்துவிட்டேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அவர் என் கைக்குக் கீழே வெளிச்சத்தைப் பார்த்த பார்வையை நான் படித்திருந்தால் இரண்டு எட்டு நகர்ந்திருப்பேன். அது தெரியாததற்கு அந்த வீட்டில் எல்லாருமே பசியோடு இருந்தோம்.

ஆகவே சின்ன வீட்டில் முதல் வேலை, வாசலை விட்டு நகருங்கள். யாருக்கு மனசு கொதிக்கும் என்று தோன்றுகிறதோ அவரை வாசலுக்குக் கிட்டே உட்காரவிடுங்கள். வெளியே போக முடியும் என்று தெரிந்தாலே பாதிப் பேர் போக மாட்டார்கள்.

அடுத்து, நேருக்கு நேராக இருக்க வேண்டாம். ரொபர்ட் சொமர் என்ற உளவியலாளர் 1950-களின் கடைசியில் மேசையைச் சுற்றி ஆட்கள் எங்கே உட்கார்ந்தால் அதிகம் பேசுகிறார்கள் என்று கவனித்தார். எதிரெதிரே இருந்தவர்களைவிட மேசை மூலையில், ஒருவருக்கொருவர் செங்கோணமாக இருந்தவர்கள் அதிகம் பேசினார்கள். எங்கள் வீட்டில் மேசை இல்லை, அடுப்படி இருக்கிறது. அடுப்பின் ஒரு பக்கத்தில் ஒருவர், பக்கவாட்டில் மற்றவர். இரண்டு பேர் பார்வையும் நெருப்பில். பார்க்க வேண்டும் என்றால் பார்க்கலாம், வேண்டாம் என்றால் கொள்ளியைத் தள்ளிவிடலாம். கஷ்டமான விஷயத்தைப் பேசுவதற்கு மலையகத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

உயரமும் பேசும். தோட்டத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் யார் நிற்பது, ஆபீசில் யார் உட்கார்ந்திருப்பது, யார் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பேசுவது என்பதையெல்லாம் நாலு ஐந்து தலைமுறையாகப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த ஞாபகம் உடம்பில் இருக்கிறது. பாயில் உட்கார்ந்திருக்கும் மாமாவுக்கு மேல் நின்றுகொண்டு, கொழும்பிலிருந்து வந்த பிள்ளை கணக்குக் கேட்டால், கேள்வி எவ்வளவு பணிவாக இருந்தாலும் அவருக்கு அது தோட்டத்துத் துரை கேட்ட கேள்வி போலத்தான் படும். பலகையை இழுத்துப் போட்டு அவரைவிடக் கொஞ்சம் தாழ உட்காருங்கள். வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைதான் இருக்கிறது என்றால் அவை பெரியவர்களுக்கு. இரண்டு பேரும் நின்றுகொண்டு சத்தம் போட்டால் யாராவது ஒருவர் உட்காருவது நல்லது, அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

உங்கள் உடம்பிலிருந்து தொடங்குங்கள்

கோபம் தொற்றும், அமைதியும் தொற்றும். எதிரில் இருப்பவரின் நிலையையும் சைகையையும் அறியாமலே நாம் பின்பற்றுகிறோம் என்று தான்யா சார்ட்ரண்ட், ஜோன் பார்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் சோதனை செய்து காட்டினார்கள். ஒருவர் காலை ஆட்டினால் பக்கத்திலிருப்பவரும் ஆட்டுகிறார், முகத்தைத் தொட்டால் இவரும் தொடுகிறார். இதைக் கேட்டுவிட்டு வேண்டுமென்றே மாமாவைப் போலக் கன்னத்தில் கை வைத்துப் பார்க்காதீர்கள். பிடிபட்டால் கேலி செய்கிறீர்கள் என்று ஆகிவிடும். நீங்கள் உண்மையிலேயே தணிந்தால் போதும், மற்றவருக்குப் பின்பற்ற ஒன்று கிடைக்கும்.

தணிவதற்கு மூச்சுதான் கைக்கு எட்டிய வழி. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு ஆழமாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்புக் கொஞ்சம் விரைவாகும், வெளியே விடும்போது கொஞ்சம் தளரும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு செய்கிற வேலை அது. வெளிமூச்சு நீளமானால் அந்தத் தளர்ச்சிக்கு நேரம் கூடுகிறது. நாலு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள், ஐந்தாறு தடவை. பெருமூச்சு போலச் சத்தம் வரக் கூடாது. குடும்பச் சண்டையில் பெருமூச்சு ஒரு பதில். அதோடு தோளை இறக்குங்கள், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல் வையுங்கள், கையை விரித்து மடியில் போடுங்கள். விரல் நீட்டிப் பேசுகிற பழக்கம் இருந்தால் ஒரு தம்ளரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சூடான தம்ளரைப் பிடித்த கை யாரையும் சுட்டிக்காட்டாது.

ஜோன் கொட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகள் தம்பதிகளை ஒரு அறையில் பேசவிட்டு, நாடித்துடிப்பையும் முகத்தையும் பதிவு செய்து ஆராய்ந்தவர். அவர் சொல்வதில் இரண்டு விஷயம் தீபாவளி வீட்டுக்கு அப்படியே உதவும். வாக்குவாதத்தில் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் அந்த ஆளுக்கு மற்றவர் சொல்வது காதில் ஏறாது. திரும்ப அடங்க இருபது நிமிடமாவது வேண்டும். அந்த இருபது நிமிடம் தோற்று ஓடுவது போலத் தெரியக் கூடாதே? எங்கள் பெண்களுக்கு இதற்கு எப்போதோ வழி தெரிந்திருக்கிறது. பீலி என்பது லயத்துக்கு வெளியே தண்ணீர் விழும் இடம். "பீலிக்குப் போய் ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வாரேன்." யாரும் கேள்வி கேட்க முடியாத வேலை, போக வர நடை, கை நிறையப் பாரம், குளிர்ந்த தண்ணீர். "வாரேன்" என்ற சொல்லும் அதில் இருக்கிறது. ஆண்களுக்கு விறகு இருக்கிறது, கடையில் சீனி வாங்க இருக்கிறது. கதவை அறையாமல், திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மற்றது எள்ளல். தம்பதிகள் பிரிவதை முன்கூட்டிக் காட்டும் அடையாளங்களில் கோபத்தைவிட இளக்காரமே பலமானது என்று கொட்மன் கண்டார். கண்ணை மேலே உருட்டுவது, உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பது. மாமா பழைய கதையைப் பத்தாவது தடவை சொல்லும்போது பட்டணத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை. அது அரை நொடிதான், மாமா பார்த்துவிடுவார். அவர் சொல்லும்போது கைபேசியைத் தடவுவதும் இதே இனம்தான். முகத்தைக் கட்டுப்படுத்துவது கஷ்டம், கைபேசியை அலுமாரி மேல் வைப்பது லேசு. அதைச் செய்யுங்கள்.

அம்மாயியின் கை

எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா, ஒரு வார்த்தை உடல்மொழி படித்தவரில்லை. பெரிய மாமாவும் சின்ன மாமாவும் மோதிக்கொண்ட ஒரு வருஷம் அவர் செய்ததை நான் முறுக்குப் பிழிந்துகொண்டே பார்த்தேன். சத்தம் உச்சத்துக்குப் போகும்போது அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். அவசரப்படவில்லை. சாயம் வடித்தார், இஞ்சி தட்டிப் போட்டார். இரண்டு தம்ளர் எடுத்துக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தார். பெரியவருக்கு முதலில் நீட்டினார். நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார். அவர் வாங்கும்வரை கீழே வைக்கவே இல்லை. சுடு தம்ளரைக் கிழவி பிடித்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை பேசிக்கொண்டே இருப்பான்? வாங்கினார். வாங்கினதும் குடிக்க வேண்டும், குடிக்கும் வாய் கத்தாது. பிறகு சின்னவர் பக்கம் திரும்பி மற்றத் தம்ளரைக் கொடுத்துவிட்டு, காலியான கையை அவர் முழங்காலில் வைத்தார். தட்டவில்லை, தடவவில்லை. சும்மா வைத்தார். தேத்தண்ணி முடியும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

தொடுவதைப் பற்றி அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, அது உரிமை உள்ளவர் செய்யும் வேலை என்பது. அம்மாயி தொடலாம், அம்மா தொடலாம், கூடப் பிறந்த அக்கா தொடலாம். அன்றைக்குத்தான் மூன்றாவது தடவை வீட்டுக்கு வந்திருக்கும் மருமகன் மாமாவின் தோளில் கை போட்டு "கூல் மாமா" என்றால் நெருப்பில் எண்ணெய். யாரையும் பின்னாலிருந்து தொடக் கூடாது, கோபத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து நிறுத்தக் கூடாது. பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தித் தூக்கி மடியில் வைப்பதும் வேண்டாம். காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குவது நல்ல வழக்கம், ஆனால் இறுகிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அதை எல்லார் முன்னாலும் அதட்டி வாங்காதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடித்துவிட்டுக் கை ஓங்குகிறவரிடம் இவை ஒன்றும் எடுபடாது. சாராயம் உள்ளே போன பிறகு முகக்குறிப்பைப் படிக்கும் திறன் மங்கிவிடுகிறது. நீங்கள் அமைதியாக இருப்பதே அவருக்கு அவமதிப்பாகத் தெரியலாம். அந்த நேரத்தில் பலகையில் தாழ உட்காருவதும் தேத்தண்ணி நீட்டுவதும் வேண்டவே வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போங்கள், கதவைத் தட்டுங்கள், சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். இலங்கையில் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929, பொலிஸ் அவசர இலக்கம் 119. "தீபாவளி அன்றைக்குமா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தீபாவளி அன்றைக்கும்தான். பொறுமையாக நடந்துகொண்டால் அடி விழாது என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள், அடி விழுந்ததற்கு அவள் நின்ற விதம் காரணமும் இல்லை.

போன தீபாவளிக்கு நான் பலகையை எடுத்துக்கொண்டு உள்பக்கம், அலுமாரிக்குக் கிட்டே உட்கார்ந்தேன். மச்சான் வாசலோரம். சாப்பாடு முடிந்து அப்பா மெதுவாக அந்தக் காசுப் பேச்சை எடுத்தார். மச்சான் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்க்கத் தொடங்கினதைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. என் முன்னால் படுத்திருந்த பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன், அவருக்கும் வாசலுக்கும் நடுவில் தரை காலியானது. "விறகு எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்து போனார். ஏற்கனவே அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு நாளைக்குத் தேவையான விறகு அடுக்கியிருந்தது, அது எல்லாருக்கும் தெரியும். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அம்மா தலையை லேசாக ஆட்டினார், அக்கா நிறுத்திக்கொண்டார்.

அரை மணித்தியாலம் கழித்து, தலையெல்லாம் பனி ஈரத்தோடு, தேயிலை மிலாறு (கவ்வாத்து வெட்டிய காய்ந்த குச்சி) ஒரு கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். இருந்த விறகுக்கு மேலேயே அதையும் அடுக்கிவிட்டு, அப்பாவுக்குப் பக்கவாட்டில் அடுப்படியில் குந்தினார். "சரி மாமா, இப்ப சொல்லுங்க. பாஸ்புக்க எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்" என்றார்.